பாத வளைவுக்கு அடியில் ஒரு பொத்தான்: அடுக்கு இன்சோல், ஒன்றரை ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

சேலம் கடைவீதியில் ‘கால் வலிக்கு ஷூவுக்குள் போட இன்சோல் வேணும்’ என்று கேட்டால், ஒரே ஆணியில் தொங்கும் மூன்று வேறு வேறு சரக்கை எடுத்துப் போடுவார்கள். ஒன்று, அழுத்தினால் கட்டைவிரல் உள்ளே புதையும் ஜெல். இன்னொன்று, உள்பக்க ஓரம் கெட்டியாக எழும்பி நிற்கும் ஆர்ச் சப்போர்ட். மூன்றாவது, அடியில் ஒரு குழியும் அதில் அழுத்திப் பொருத்த சின்னதும் பெரியதுமாக ரப்பர் பொத்தான்களும் கொண்ட அடுக்கு இன்சோல். முதலாவது மெத்தை, இரண்டாவது முட்டு, மூன்றாவதுதான் பாதத்தை வேலை வாங்குவதற்கென்று விற்பது. இங்கே பேசப்போவது அந்த மூன்றாவதைப் பற்றி. நாளைக்கு ஆறு முதல் எட்டு மணி நேரம், ஊருக்குள் சிமெண்ட் தரையிலும் தார் ரோட்டிலும், அவ்வப்போது ஏற்காட்டு ஏற்றத்திலும் போட்டுத் தேய்த்ததில் தெரிந்தவை.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். இன்சோலை மட்டும் போட்டுக்கொண்டு நடந்தால் ஆறு மாதத்தில் கிடைக்கும் பலன் கொஞ்சம்தான். தினமும் பத்து நிமிடப் பயிற்சியும் சேர்ந்தால் வித்தியாசம் நன்றாகவே தெரியும். பயிற்சியை மட்டும் செய்து, மெல்லிய, வளையும் சோல் உள்ள ஷூவில் நடந்தாலும் ஏறக்குறைய அதே இடத்துக்கு வந்து சேரலாம். ஓட்டக்காரர்களை வைத்து 2019-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், 8 வாரம் மெல்லிய ஷூவில் நடந்தவர்களுக்கும் பாதப் பயிற்சி மட்டும் செய்தவர்களுக்கும் தசை வலு ஏறக்குறைய ஒரே மாதிரி கூடியிருந்தது. அப்புறம் எதற்குக் காசு என்றால், காலையில் போட்ட ஷூவைச் சாயங்காலம் வரை கழற்ற முடியாத வேலைக்காரர்களுக்கு. ஜவுளிக்கடை, காவல், பேருந்து, மருத்துவமனை என்று நாள் முழுக்க நிற்பவர்கள். வீட்டிலும் வெளியிலும் செருப்போடு போய்விட்டு, காலையில் ஒரு மணி நேரம் மட்டும் ஷூ போட்டு வாக்கிங் போகிறவருக்கு இது தண்டச் செலவு.

வாங்கும்போது முட்டுக்கொடுக்கும் இன்சோலையும் இதையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. உள்பக்க ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். அமுங்காமல் நின்றால் அது ஆர்ச் சப்போர்ட். குதிகால் வலி உச்சத்தில் இருக்கும்போது சில வாரத்துக்கு அது நல்லதே செய்யும். ஆனால் பாதத்தின் சுமையை அது வாங்கிக்கொள்வதால் உள்ளே இருக்கும் சின்னத் தசைகளுக்கு வேலை குறைகிறது. ஆரோக்கியமான இளைஞர்களுக்கு அளவெடுத்துச் செய்த இன்சோலை 12 வாரம் போட வைத்த 2020-ஆம் ஆண்டு ஆய்வில், பாதத்துச் சிறு தசைகள் சிலவற்றின் பருமன் குறைந்தே போனது. அடுக்கு இன்சோலில் ஓரம் மெத்தென்று இருக்கும். மேடு நடுப்பாதத்தில், வளைவின் உச்சிக்கு நேர் கீழே இருக்கும். அழுத்தினால் அமுங்கி, விட்டால் எழும்ப வேண்டும். அமுங்கவே அமுங்காத பொத்தான் என்றால் அதுவும் முட்டுதான், பெயர்தான் வேறு.

அந்த மேடு அங்கே என்ன செய்கிறது? குதிகாலில் தொடங்கி விரல்களின் அடிவரை ஒரு தடித்த நார்ப்பட்டை ஓடுகிறது. நடையில் குதிகால் தூக்கி, பெருவிரல் மேல்நோக்கி மடங்கும்போது, கிணற்றுக் கப்பியில் கயிறு சுற்றுவது மாதிரி அந்தப் பட்டை விரல் மூட்டில் சுற்றி இழுபட்டு, வளைவைத் தூக்கிவிடும். 1954-ல் ஹிக்ஸ் என்பவர் விவரித்த சங்கதி இது. மேடு இருக்கும் இடத்தில் பாதம் சப்பென்று உட்கார்ந்தால் உறுத்தும். உறுத்தலைத் தவிர்க்கப் பாதம் தானாகக் கொஞ்சம் தூக்கிக்கொள்ளும். அவ்வளவுதான் விஷயம். நரம்பைத் தூண்டி முதுகுவலி வரை எல்லாவற்றையும் தீர்க்கும் என்று டப்பாவில் அச்சடித்திருப்பதை டப்பாவிலேயே விட்டுவிடலாம். இதில் ஒரு நிபந்தனை உண்டு. பெருவிரல் மடங்க ஷூ இடம் தர வேண்டும். ஷூவைக் கையில் எடுத்து மடக்கினால் விரல்கள் தொடங்கும் இடத்தில் மடங்க வேண்டும். நடுவில் மடங்கினாலோ, பலகை மாதிரி நின்றாலோ எந்தப் பொத்தானைப் போட்டும் பயனில்லை. கடையில் நடக்கும் ஏமாற்றத்தில் பாதிக்கு இன்சோலைவிட ஷூதான் காரணம்.

காசு கொடுக்குமுன் வீட்டிலேயே மூன்று சோதனை. ஈரக்காலைச் சிமெண்ட் திண்ணையில் வைத்துத் தடத்தைப் பார்ப்பது எல்லோருக்கும் தெரியும். அது வடிவத்தைச் சொல்லும், வலுவைச் சொல்லாது. இரண்டாவது, உள்கணுக்காலுக்குக் கீழே சற்று முன்னால் கையில் தட்டுப்படும் எலும்பு முடிச்சில் பேனாவால் புள்ளி வைத்து, உட்கார்ந்தபடி தரையிலிருந்து அதன் உயரத்தையும், எழுந்து நின்று மறுபடியும் அளப்பது. வித்தியாசம் 10 மி.மீ.-க்கு மேல் போனால் வளைவு கூடுதலாகச் சரிகிறது. மூன்றாவதுதான் கெட்டிக்காரச் சோதனை. பெருவிரலுக்கு அடியில் ஒரு பத்து ரூபாய் நோட்டை வைத்து விரலால் அழுத்திப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, வேறொருவர் மெல்ல இழுக்க வேண்டும். விரலைக் கொக்கி போல் சுருட்டாமல், நேராக வைத்தே பிடிக்க வேண்டும். வலுவில்லாத காலில் நோட்டு வெண்ணெயில் கத்தி மாதிரி வழுக்கிக்கொண்டு வந்துவிடும். இந்த மூன்றையும் தேதி போட்டு எழுதி வையுங்கள். மாதம் ஒருமுறை திரும்ப எடுத்தால்தான் ‘ஏதோ நல்லா இருக்கற மாதிரி இருக்கு’ என்ற பேச்சைத் தாண்ட முடியும்.

பொருத்தும்போது ஆகும் தப்பு பெரும்பாலும் ஒன்றே ஒன்று: ஷூவோடு வந்த இன்சோலை எடுக்காமல் அதன் மேலேயே புதியதைப் போடுவது. பழையது 3 முதல் 5 மி.மீ. கனம். அதன் மேல் இதுவும் ஏறினால் குதிகால் ஷூவின் விளிம்புக்கு மேலே வந்து, ஒவ்வொரு அடிக்கும் கழன்று கழன்று கொப்புளம் போடும். பழையதை உருவுங்கள். ஒட்டியிருந்தால் முன்பக்கத்திலிருந்து இழுக்காமல் குதிகால் பக்கத்திலிருந்து மெல்லக் கிளப்புங்கள். அதையே அச்சாக வைத்துப் புதியதன் முன்முனையில் பேனாவால் கோடு போட்டு, கோட்டுக்கு வெளியே 2 மி.மீ. விட்டு வெட்டுங்கள். போட்டுப் பார்த்துவிட்டு மறுபடி கொஞ்சம். குதிகால் பக்கம் கத்தரி படவே கூடாது. வெட்டியபின் முனை சுருண்டு நின்றால் இன்னும் நீளம் இருக்கிறது என்று அர்த்தம்.

ஷூ நம்பரைப் பார்த்து மட்டும் வாங்குவது இன்னொரு வம்பு. குதிகாலிலிருந்து பெருவிரல் மூட்டு வரையுள்ள நீளம் ஒரே நம்பர் ஷூ போடும் இருவருக்கு ஒன்றாக இருக்காது. பொத்தான் ஒரு விரல்கடை முன்னால் வந்துவிட்டாலும் மேடு வளைவில் படாமல் விரல் மூட்டுக்குப் பின்னால் இடிக்கும். அங்கே எரிச்சல் வந்தால் பாதம் பழகவில்லை என்று பொறுத்துக்கொள்ள வேண்டாம். அளவு தப்பு, மாற்றுங்கள்.

இரும்பாலை மாதிரி இடங்களில் பாதுகாப்பு ஷூ போடுகிறவர்கள் இதில் கையே வைக்கக் கூடாது. ஐ.எஸ். 15298 என்ற இந்தியத் தரத்தில் வரும் ஷூ அதன் இன்சோலோடு சேர்த்துத்தான் சோதிக்கப்படுகிறது. உள்ளே கனத்தை ஏற்றினால் இரும்பு மூக்குக்கும் விரலுக்கும் இடைவெளி குறைந்துவிடும்.

இனி பழக்குவது. முதல் நாள் பொத்தானே இல்லாமல், இன்சோலை மட்டும் ஒரு மணி நேரம். அடுத்தடுத்த நாள் அரை மணி நேரம் கூட்டி, இரண்டு வாரத்தில் முழு நாளுக்கு வரலாம். அதற்குப் பிறகே முதல் பொத்தான். அதற்கும் அதே கணக்கு. ஒவ்வொரு அடுக்குக்கும், அதாவது ஒவ்வொரு பொத்தான் அளவுக்கும், குறைந்தது மூன்று வாரம், வயது 50 தாண்டியிருந்தால் ஐந்து. வாங்கிய உற்சாகத்தில் முதல் வாரமே பெரிய பொத்தானை அழுத்திவிட்டு, பத்தாம் நாள் குதிகாலைப் பிடித்துக்கொண்டு ‘இதெல்லாம் ஏமாத்து வேலை’ என்பவர்கள்தான் அதிகம். வலியைப் பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். சாயங்காலம் வளைவு முழுக்க மந்தமாகக் கடுத்து, விடிந்ததும் போய்விட்டால் தசைக்கு வேலை நடந்திருக்கிறது. காலையில் கட்டிலை விட்டு இறங்கும் முதல் நாலு அடியில் குதிகாலுக்கு அடியில் ஊசி குத்தினால் நார்ப்பட்டை இழுபட்டிருக்கிறது. பொத்தானைக் கழற்றிவிட்டு வலி போகும்வரை காத்திருங்கள். நடுராத்திரி வளைவில் நரம்பு இழுத்தால் ஓர் அடுக்கு இறங்கினால் போதும்.

ஐந்து பொத்தான் வரும் செட்டில் நான்காவதோடு நிறுத்திக்கொள்வது என் பரிந்துரை. ஐந்தாவது தட்டைப் பாதக்காரர்களுக்கு உறுத்தலைத் தவிர வேறு எதையும் தருவதாகத் தெரியவில்லை.

பயிற்சியில் முக்கியமானது ஒன்றே. வெறுங்காலைத் தரையில் பதித்து, விரல்களைச் சுருட்டாமல், பெருவிரல் மூட்டைக் குதிகாலை நோக்கி இழுப்பது. வெளியே பார்த்தால் பாதம் ஒரு நூல் அளவு குட்டையாகி, வளைவு எழும்புவது தெரியும். 6 விநாடி பிடித்து விட வேண்டும். 10 முறை, மூன்று சுற்று. முதல் இரண்டு வாரம் நாற்காலியில் உட்கார்ந்து, அடுத்து நின்றுகொண்டு, பிறகு ஒற்றைக்காலில். செய்யத் தெரிகிறதா என்று அறிய, உள்கணுக்காலுக்குக் கீழே குதிகாலின் உள்பக்கச் சதையில் விரலை வையுங்கள். அங்கே இறுக வேண்டும். ஆடுசதை இறுகினால் தப்பாகச் செய்கிறீர்கள். துண்டை விரலால் சுருட்டி இழுக்கும் பயிற்சியை எல்லோரும் சொல்வார்கள். அதில் உழைப்பது பெரும்பாலும் கீழ்க்காலிலிருந்து வரும் நீளத் தசை. குதிகாலைத் தூக்கி இறக்குவது அதைவிட மேல். மாடிப்படி விளிம்பில் நின்று, விரல்களுக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து, மூன்று விநாடி ஏற்றம், இரண்டு விநாடி நிறுத்தம், மூன்று விநாடி இறக்கம். ஒருநாள் விட்டு ஒருநாள், 12 முறை வீதம் மூன்று சுற்று. பூங்காவில் கூழாங்கல் மேல் எட்டு போட்டு நடப்பதும், முள்ளு வைத்த அக்குபிரஷர் செருப்பும் சுகமாக இருக்கும். வலுவுக்கு அவற்றை நம்ப வேண்டாம்.

ஏற்காட்டுப் பாதை தனிக் கணக்கு. அடிவாரத்திலிருந்து மேலே போக 20 கொண்டை ஊசி வளைவு, ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் ஏற்றம். ஏறும்போது பொத்தான் தொந்தரவு தராது. எடை விரல்பக்கம் போய்விடுவதால் மேடு இருப்பதே தெரியாது. இறக்கத்தில்தான் சோதனை. ஒவ்வொரு அடியும் பிரேக் போடுவது. பாதம் முன்னால் வழுக்க, வளைவு முழு எடையோடு மேட்டின் மேல் வந்து உட்காரும். கீழே வரும்போது உள்ளங்காலில் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்குச் சிவந்து கன்றியிருக்கும். ஆகவே இறங்குமுன் பொத்தானைக் கழற்றிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள், நகத்தை முதல்நாளே வெட்டுங்கள், ஷூவின் மேல்கடைசி ஓட்டையில் கயிற்றை வளையமாக விட்டு எதிர்ப்பக்கக் கயிற்றை அதற்குள் நுழைத்துக் கணுக்காலோடு இறுக்கிக் கட்டுங்கள். புது அடுக்கு மாற்றிய வாரத்தில் மலைப்பக்கம் போகவே வேண்டாம். காப்பித் தோட்டத்துச் சரிவில் குறுக்காக நடக்கும்போது ஒரு கால் உள்ளேயும் மறுகால் வெளியேயும் சாயும். அங்கே மேடு எதுவும் இல்லாத, தட்டையான இன்சோல்தான் பத்திரம்.

தேய்மானம். ஆறாம் மாதம் பெருவிரலுக்கு அடியில் மேல்துணி வழவழப்பாகி ஓட்டை விழத் தொடங்கும். பத்தாவது மாதத்துக்குள் குதிகால் பக்கம் ஈ.வி.ஏ. என்ற செயற்கைப் பஞ்சு அமுங்கி, பொத்தான் முன்பைவிடத் தூக்கலாக உறுத்தும். அடுக்கு தானாக ஏறிவிட்டது மாதிரி இருக்கும். அப்போது புது ஜோடி வாங்க வேண்டும், பழக்கத்தை மறுபடி முதல் அடுக்கிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. சேலத்து வெயிலில் இதற்கு ஆயுள் இன்னும் குறைவு. சித்திரை வெயிலில் வண்டிப் பெட்டிக்குள்ளோ காரிலோ ஷூவை விட்டால் பஞ்சு சுருங்கும். 3, 4 மி.மீ. குறுகிவிட்டால் பொத்தான் இடம் மாறிப்போகும். கழுவினால் குளியல் சோப்பு போதும், நிழலில்தான் உலர்த்த வேண்டும். ஏற்காட்டு மழையில் நனைந்தால் தனியே எடுத்துச் சாய்த்து வையுங்கள், ஷூவுக்குள் செய்தித்தாளைக் கசக்கித் திணியுங்கள். இரண்டு நாள் ஆகும், அவசரப்பட்டு ஹேர் டிரையர் காட்டினால் மேல்துணி பிரிந்துவிடும். பொத்தான் குழியைத் திறந்தால் செம்மண் வியர்வையோடு குழைந்து சாந்தாக அப்பியிருக்கும். அந்த மணல்தான் ரப்பரை உப்புத்தாள் மாதிரி அரைப்பது. பழைய டூத்பிரஷ் கொண்டு வாரம் ஒருமுறை தேய்த்தால் தீர்ந்தது. நடக்கும்போது கீச் கீச்சென்று சத்தம் வந்தால் இன்சோலுக்கு அடியில் ஒரு சிட்டிகை முகப்பவுடர்.

சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் இதைத் தொடவே வேண்டாம். உறுத்துவது தெரிந்தால்தான் பாதம் தூக்கிக்கொள்ளும். தெரியாத காலில் அதே மேடு புண்ணாகிவிடும். மருத்துவர் எழுதித் தரும் எம்.சி.ஆர். (நுண்துளை ரப்பர்) செருப்பின் வேலை அழுத்தத்தைப் பரப்புவது, இதற்கு நேர் எதிர். சின்னப் பிள்ளைகளின் பள்ளிக்கூட ஷூவிலும் போடக் கூடாது. அவர்களுக்கு மருந்து வெறுங்கால்தான். 4 முதல் 13 வயதுள்ள 2300 இந்தியக் குழந்தைகளின் காலடித் தடங்களைப் பார்த்து 1992-ல் வெளியான ஆய்வில், காலணி போட்டு வளர்ந்தவர்களில் 8.6 சதவீதத்துக்கும், போடாமல் வளர்ந்தவர்களில் 2.8 சதவீதத்துக்கும் தட்டைப் பாதம் இருந்தது.

பத்து ரூபாய் நோட்டு இரண்டு காலிலும் பிடிபட ஆரம்பித்து, ஒற்றைக்காலில் 25 முறை குதிகால் தூக்க முடிந்துவிட்டால் பொத்தானை இறக்கத் தொடங்கலாம். இரண்டு வாரத்துக்கு ஓர் அடுக்கு வீதம் கீழே வந்து, கடைசியில் இன்சோலையே எடுத்துவிட்டு ஷூவோடு வந்த பழையதைத் திரும்பப் போடுங்கள். அதனால்தான் அதைத் தூக்கி எறியாமல் வைத்திருக்க வேண்டும். முதல் வாரம் ஷூ தொளதொளவென்றிருக்கும், கயிற்றை ஒரு பிடி இறுக்கினால் சரி.