கிருபையா, கீழ்ப்படிதலா: விழுந்த மறுநாள் கைகொடுப்பது எது?

‘தேவன் என்னை ஏற்றுக்கொண்டார், ஆகவே கீழ்ப்படிகிறேன்’ என்று வாழ்பவர்கள் இருக்கிறார்கள். ‘கீழ்ப்படிகிறேன், ஆகவே ஏற்றுக்கொள்வார்’ என்று வாழ்பவர்களும் இருக்கிறார்கள். வாய்விட்டுக் கேட்டால் சபையில் எல்லாரும் முதலாவதைத்தான் சொல்வோம். நானும் அப்படித்தான் சொன்னேன். ஆனால் பத்து ஆண்டுகள் இரண்டாவதைத்தான் வாழ்ந்தேன். இப்போது கிருபையின் பக்கம், அதாவது தகுதி பாராமல் தேவன் ஏற்றுக்கொள்கிறார் என்ற பக்கம், வந்து சேர்ந்துவிட்டேன். ஆகவே இதை நடுநிலையான அலசல் என்று சொல்ல மாட்டேன்.

வசனத்துக்கு வசனம் வைத்து வாதாடுவதில் பயனில்லை. இரட்சிப்பு கிருபையினால் என்கிறது எபேசியர் 2:8; கிரியை, அதாவது செயல், இல்லாத விசுவாசம் செத்தது என்கிறது யாக்கோபு 2:26. அந்த எபேசியர் நிருபத்திலேயே இரண்டு வசனம் தள்ளி, நற்கிரியைகளுக்காகவே நாம் சிருஷ்டிக்கப்பட்டோம் என்று பவுல் எழுதுகிறார். இரண்டும் வேண்டும் என்பதில் சந்தேகமில்லை. எதன்மேல் எது நிற்கிறது என்பதுதான் கேள்வி.

கீழ்ப்படிதலை முன்னால் வைப்பவர்களுக்கு நியாயமான காரணம் உண்டு. பிரிட்டனிலிருந்து ரோமாபுரிக்கு வந்த போதகர் பெலாகியுஸ், அங்கே கிறிஸ்தவர்களின் ஒழுக்கம் தளர்ந்து கிடப்பதைக் கண்டு வருந்தியவர். ‘நீர் கட்டளையிடுவதைத் தாரும், பிறகு எதை வேண்டுமானாலும் கட்டளையிடும்’ என்ற, அக்காலத்து ஆயர் அகுஸ்தீனின் ஜெபம் அவருக்குப் பொறுக்கவில்லை. எல்லாவற்றையும் தேவனே தர வேண்டுமென்றால் மனிதனுக்குப் பொறுப்பு எங்கே என்று கேட்டார். கி.பி. 418இல் வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜில் கூடிய ஆயர்களின் ஆலோசனைச் சங்கம் அவருடைய போதனையைத் தள்ளியது. அது சரியான தீர்ப்பு என்றே நம்புகிறேன். ஆனால் அவர் கண்ட நோய் கற்பனையல்ல. எந்தச் சபையிலும் அதை இன்றும் பார்க்கலாம்.

என்னைப் பொறுத்தவரை முடிவைத் தீர்மானித்தது ஒரே ஒரு விஷயம்: தவறிய மறுநாள் திரும்பி வர வழி இருக்கிறதா என்பது.

என்னிடம் ஒரு கோடு போட்ட நோட்டு இருந்தது. அதிகாலை ஜெபம், வேதவாசிப்பு, வெள்ளி உபவாசம், தசமபாகம் (வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு காணிக்கை) என்று நான்கு கட்டம். வேதாகமத்தில் 1189 அதிகாரங்கள். வாரநாளில் மூன்று, ஞாயிறு ஐந்து என்று வாசித்தால் ஓர் ஆண்டில் முடிந்துவிடும். ஒவ்வொரு நாளும் சிவப்பு மையில் சரி போடுவேன். அம்மா பக்கவாதத்தில் படுத்தபோது பதினேழு நாள் மருத்துவமனையில் இருந்தேன். நோட்டில் ஒன்றரைப் பக்கம் வெறுமையாகக் கிடந்தது. வீடு திரும்பிய பிறகு அதைத் திறக்கவே மனம் வரவில்லை. விட்டுப்போன ஐம்பத்தைந்து அதிகாரத்தை முடித்தால்தான் தேவனுக்கு முன்னால் போக முடியும் என்று தோன்றியது. ஐம்பத்தைந்து நூறாயிற்று, நூறு இருநூறாயிற்று. ஏழு மாதம் நான் ஜெபிக்கவே இல்லை. எனக்கு அவிசுவாசம் வரவில்லை. பாக்கி வைத்தவன் கடைத்தெருவைச் சுற்றிக்கொண்டு போவதுபோலத்தான் ஒதுங்கிப் போனேன்.

மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் வரலாறு அதற்குப் பிறகுதான் எனக்குப் புரிந்தது. ஆக்ஸ்போர்டில் மணிக்கணக்கு வைத்து நாட்குறிப்பு எழுதியவர், புதனும் வெள்ளியும் உபவாசம் இருந்தவர், சிறைகளுக்குப் போய் ஊழியம் செய்தவர். 1735இல் அமெரிக்காவின் ஜார்ஜியாவுக்குக் கப்பல் ஏறினார். இரண்டு ஆண்டில் மனமுடைந்து திரும்பினார். செவ்விந்தியரை மனந்திருப்பப் போன தன்னை மனந்திருப்புவது யார் என்று நாட்குறிப்பில் எழுதினார். 1738 மே 24ஆம் தேதி இரவு, லண்டன் ஆல்டர்ஸ்கேட் தெருவில் ஒரு கூட்டம். ரோமர் நிருபத்துக்குச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர் எழுதிய முன்னுரையை ஒருவர் வாசித்துக்கொண்டிருந்தார். ஒன்பது மணிக்குக் கால் மணி நேரம் இருக்கும்போது தன் உள்ளம் அனலடைந்ததாகவும், கிறிஸ்து தன் பாவங்களையே நீக்கிவிட்டார் என்ற நிச்சயம் வந்ததாகவும் எழுதுகிறார்.

அதற்குப் பிறகு அவர் ஒழுங்கை விட்டுவிடவில்லை. 1743இல் தம் சங்கங்களுக்கு விதிமுறைகளே எழுதிக் கொடுத்தார்: தீமை செய்யாதே, நன்மை செய், ஜெபம், வேதவாசிப்பு, திருவிருந்து, உபவாசம் ஆகியவற்றைக் கைக்கொள். செயல்கள் பழையவைதான். ஆனால் முன்பு தேவனுடைய ஏற்பைச் சம்பாதிப்பதற்காக அவற்றைச் செய்தார், பின்பு அந்த ஏற்பைப் பெற்றுக்கொண்டவராகச் செய்தார்.

எனக்கு ஆல்டர்ஸ்கேட் போன்ற இரவு வாய்க்கவில்லை. ஒரு ஞாயிறு, அம்மாவைச் சக்கர நாற்காலியில் வைத்து ஆலயத்துக்குக் கூட்டிப்போனேன். திருவிருந்து நேரம். அவர்களால் வலது கையைத் தூக்க முடியாது. இடது கையை மட்டும் மடியில் விரித்து வைத்திருந்தார்கள், விரல்கள் நடுங்கின. ஆயர் குனிந்து அந்தக் கையில் அப்பத்தை வைத்தார். அந்த ஏழு மாதத்தில் அம்மா ஓர் அதிகாரம்கூட வாசித்ததில்லை, முழங்காற்படியிட்டதில்லை. அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட அதே அப்பம் பக்கத்தில் நின்ற எனக்கும் கொடுக்கப்பட்டது. அன்றிரவு ஜெபித்தேன். விட்டுப்போன அதிகாரங்களைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

கிருபையின் பக்கம் உள்ள ஆபத்தை மறைக்க விரும்பவில்லை. மனந்திரும்புதல் இல்லாத மன்னிப்பை ‘மலிவான கிருபை’ என்று 1937இல் கடிந்துகொண்டார் ஜெர்மன் லுத்தரன் போதகர் போன்ஹோஃபர். நாஜிகளை எதிர்த்ததற்காக 1945 ஏப்ரல் 9ஆம் தேதி ஃப்ளோசன்பர்க் முகாமில் தூக்கிலிடப்பட்டவர் அவர். ‘எல்லாம் கிருபை’ என்று சொல்லிக்கொண்டு, வாங்கிய கடனைத் திருப்பித் தராத விசுவாசிகளை நானே பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு யாக்கோபைத்தான் வாசிக்கக் கொடுக்க வேண்டும்.

இன்னோர் இடத்தில் என் அனுபவம் போதாது. குடியிலிருந்து மீண்ட ஓர் உறவினர், கடுமையான ஒழுங்கே தன்னைத் தாங்கியது என்கிறார். தினமும் காலை ஐந்து மணிக்கு ஆலயம், பழைய நண்பர்களோடு பேச்சே இல்லை, சம்பளம் நேராக மனைவி கையில். முதல் ஆண்டில் கிருபையைப் பற்றி யாராவது அதிகம் பேசினால், இன்று ஒரு நாள் குடித்தால் என்ன என்று மனம் தந்திரம் செய்ததாம். எனக்கு அந்தப் போராட்டம் தெரியாது. அவர் சொல்வதை மறுக்க மாட்டேன். பிள்ளை வளர்ப்பில் எது முதலில் என்பதும் பெற்றோர் சொல்ல வேண்டியது.

நோட்டு இன்னும் மேசையில் இருக்கிறது. கட்டங்கள் போடுவதில்லை, யாருக்காக ஜெபிக்க வேண்டுமோ அவர்கள் பெயரை எழுதி வைக்கிறேன். வெள்ளி உபவாசத்தைத் தொடர்கிறேன். போன மாதம் இரண்டு வெள்ளி தவறிவிட்டது. மூன்றாவது வெள்ளி இருந்தேன்.