மோட்டார் பூட்டிய சைக்கிளுக்கு எந்த ஹெல்மெட்?

மோட்டார் பூட்டிய சைக்கிள் என்றால் ஒரே வண்டி இல்லை. மிதித்தால்தான் கைகொடுத்து, 25 கி.மீ. வேகத்தைத் தொட்டதும் ஒதுங்கிக்கொள்ளும் மின்சைக்கிளுக்கும் அதே பெயர்; மிதியை மறந்துவிட்டு 45-ல் ஓடும் பெட்ரோல் எஞ்சின் சைக்கிளுக்கும் அதே பெயர். அதனால்தான் "சைக்கிள்தானே" என்று ஒருவர் 280 கிராம் ஹெல்மெட்டையும், "மோட்டார்தானே" என்று இன்னொருவர் ஒன்றரைக் கிலோ ஹெல்மெட்டையும் வாங்குகிறார்கள். இரண்டு பேரும் தவறாக வாங்கியிருக்க வாய்ப்புண்டு. பெயரை விட்டுவிட்டு இரண்டைப் பாருங்கள்: சமதரையில் வண்டி நிஜமாக ஓடும் வேகம் எவ்வளவு, அதில் உங்கள் கால் எவ்வளவு உழைக்கிறது.

சோதனை எண்களைப் படிக்கும் விதம்

செயற்கைத் தலை ஒன்றுக்கு ஹெல்மெட்டை மாட்டி, இரும்புப் பட்டடை மேல் போட்டு, உள்ளே எவ்வளவு அதிர்ச்சி சேர்கிறது என்று அளப்பதுதான் எல்லாத் தரங்களுக்கும் அடிப்படை. ஐரோப்பிய சைக்கிள் தரமான ஈஎன் 1078-ல் தட்டையான பட்டடையை மோதும் வேகம் வினாடிக்கு 5.42 மீட்டர், மணிக்குச் சுமார் 19.5 கி.மீ. சைக்கிள் ஹெல்மெட்டுக்கு அமெரிக்காவில் 1999 முதல் கட்டாயமான சிபிஎஸ்சி தரத்தில் 2 மீட்டர் உயரத்திலிருந்து போடுகிறார்கள், வேகம் 6.2 மீட்டர். வேக மின்சைக்கிள்களுக்கென்றே 2016-ல் நெதர்லாந்தில் வந்த என்டிஏ 8776-ல் 6.5 மீட்டர். மோட்டார் சைக்கிள் ஹெல்மெட்டுக்கான ஈசிஇ 22.05-ல் 7.5 மீட்டர், அதாவது மணிக்கு 27 கி.மீ.; அடுத்து வந்த 22.06 இதோடு 8.2 மீட்டர், 6.0 மீட்டர் என்று இரண்டு வேகங்களையும், சாய்வாக மோதும் சோதனையையும் சேர்த்தது.

"வண்டி 40-ல் போகிறது, 19.5-க்குச் சோதித்த ஹெல்மெட் எதற்கு?" என்ற கேள்வி அடிக்கடி வரும். கணக்கு அப்படி இல்லை. சைக்கிளில் உட்கார்ந்திருப்பவரின் தலை தரையிலிருந்து 1.6, 1.7 மீட்டர் உயரத்தில் இருக்கும். அங்கிருந்து விழும் தலை தரையைத் தொடும்போது அதன் செங்குத்து வேகம் மணிக்கு 20 கி.மீ.யை ஒட்டித்தான் இருக்கும். மணலில் சறுக்கி விழுந்தால், வண்டி 20-ல் போனாலும் 45-ல் போனாலும் இது பெரிதாக மாறாது. மிச்ச வேகம் தார்ச்சாலையில் தேய்வதிலும் தலையைத் திருகுவதிலும் போகிறது. ஆபத்து வேறு இடத்தில்: கம்பம், சுவர், குறுக்கே வரும் கார். அங்கே முன்னோக்கிய வேகம் முழுவதும் நேராகத் தலையில் இறங்கும். 25-லிருந்து 45-க்கு வேகம் ஏறினால் மோதலின் ஆற்றல் மூன்று மடங்குக்கு மேல் ஏறுகிறது. போக்குவரத்து நெரிசலில் ஓட்டுபவர் ஒரு படி மேலான ஹெல்மெட் வாங்க வேண்டியதற்கு இதுதான் காரணம்.

சாதாரண சைக்கிள் ஹெல்மெட்டும் ஸ்கேட் ஹெல்மெட்டும்

மிதித்து ஓட்டும் 25 கி.மீ. மின்சைக்கிளுக்குச் சாதாரண சைக்கிள் ஹெல்மெட் போதும். 250 முதல் 350 கிராம், நல்ல காற்றோட்டம், கழுத்துக்குப் பாரமில்லை. குறை, நெற்றிப்பொட்டும் பின்மண்டையும் அரைகுறையாகத்தான் மூடப்படும். பந்தய ஓட்டக்காரர்களுக்கென்று செய்த, துளை மிகுந்த மாதிரிகளைத் தவிர்த்து, காதுக்குப் பின்னால் தாழ்ந்து இறங்கும் மாதிரியை எடுங்கள்.

ஸ்கேட் ஹெல்மெட்டின் உருண்டை ஓடு கெட்டியாகத் தெரியும். தெரிவது மட்டும்தான்: பெரும்பாலானவை அதே ஈஎன் 1078 சோதனையைத் தாண்டியவை. பின்மண்டை நன்றாக மூடும், ஓடு வழவழப்பாக இருப்பதால் சாலையில் சிக்காமல் வழுக்கும். ஆனால் மேடேறும்போது தலை வெந்துவிடும்.

என்டிஏ 8776

மணிக்கு 30 முதல் 45 கி.மீ. ஓட்டி, கூடவே மிதிப்பவர்களுக்கு இதுவே எங்கள் முதல் தேர்வு. மோதல் சோதனை கடினமானது என்பதோடு, சோதிக்கப்படும் பரப்பும் பெரிது. நெற்றிப்பொட்டும் பின்தலையும் அதில் அடங்கும். எடை 400 கிராமிலிருந்து 550 வரை போகும். கண்ணாடி முகப்போடு வருபவை நல்லது: 35-க்கு மேல் காற்று கண்ணில் நீர் வரவைக்கும், ஒரு சிறு வண்டு போதும் கைப்பிடி ஆட. "மின்சைக்கிளுக்கு" என்று பெட்டியில் எழுதியிருப்பதை நம்ப வேண்டாம். அது வெறும் விளம்பர வாசகமாக இருக்கலாம். உள்ளே ஒட்டிய சீட்டில் 8776 என்ற எண் இருக்கிறதா என்று பாருங்கள்.

தாடை மூடிய மலைச்சைக்கிள் ஹெல்மெட்

விழும்போது முகமும் தாடையும் அடிவாங்குவது சாதாரணம். மேலே சொன்னவை அதற்கு ஒன்றும் செய்யாது. மலைச்சரிவு ஓட்டத்துக்கான ஹெல்மெட் 700 கிராமிலிருந்து ஒரு கிலோ வரை எடையில் தாடையையும் மூடி, ஓரளவு காற்றும் விடும். வாங்கும்போது ஒரு சூட்சுமம் உண்டு: மலைச்சரிவு ஹெல்மெட்டுக்கென்றே உள்ள ஏஎஸ்டிஎம் எஃப்1952 என்ற அமெரிக்கத் தரத்தில் தாடைப்பட்டைக்குத் தனிச் சோதனை இருக்கிறது; ஈஎன் 1078-ல் இல்லை. ஈஎன் 1078 சீட்டு மட்டும் உள்ள, கழற்றி மாட்டும் தாடைப்பட்டை எவ்வளவு தாங்கும் என்பதற்கு அந்தச் சீட்டு உத்தரவாதமில்லை. எஃப்1952 தாண்டிய ஒன்று கிடைத்தால், வேகமாக ஓட்டினாலும் மிதிப்பதை விடாதவருக்கு மிகவும் பொருந்தும்.

மோட்டார் சைக்கிள் ஹெல்மெட்

பெட்ரோல் எஞ்சின், கையால் முறுக்கியே ஓட்டம், மிதிப்பது கிளம்பும்போது மட்டும் என்றால் தயங்காமல் இதையே எடுங்கள். திறந்த முகம் ஒரு கிலோவைச் சுற்றி. முழு முகம் 1.3 கிலோவிலிருந்து 1.6 வரை. ஈசிஇ சீட்டில் அங்கீகார எண் 06 என்று தொடங்கினால் அது 22.06. அதன் பின்னால் வரும் எழுத்தையும் பாருங்கள்: 'பி' என்றால் தாடைப்பகுதியும் சோதனை தாண்டியது, 'ஜே' தாடை மூடாதது, 'என்பி' தாடைப்பட்டை இருக்கும், காப்பாற்றாது. அமெரிக்கப் போக்குவரத்துத் துறைத் தரத்தைக் குறிக்கும் டாட் முத்திரை தயாரிப்பாளரே தமக்குக் கொடுத்துக்கொள்ளும் உறுதிமொழி. தரம் உண்மையானது, ஆனால் முத்திரையைப் போலியாக ஒட்டுவதும் எளிது.

மிதித்து ஓட்டுபவருக்கு இது ஏன் சரிப்படாது? வியர்வையும் முகப்பில் படியும் ஆவியும் முதல் காரணம். பத்து நிமிடத்தில் கழற்றிக் கைப்பிடியில் மாட்டிவிடுவார். இரண்டாவது, பலத்த அடிக்கென்று ஹெல்மெட்டின் உள்ளே கெட்டியாக்கிய தெர்மாகோல் சிறிய அடிக்குப் போதுமான அளவு நசுங்காமல் அதிர்ச்சியைத் தலைக்குக் கடத்தும். 22.06-ல் 6.0 மீட்டர் சோதனையைச் சேர்த்ததும் இந்தக் குறைக்காகத்தான். எனவே இந்த வகையில் பழைய 22.05-ஐவிடப் புதியதே மேல்.

அளவு தப்பினால் எல்லாம் வீண்

புருவத்துக்கு இரண்டு விரல் மேலே, பின்னால் மண்டை துருத்தும் இடத்தைச் சுற்றி நாடாவால் அளந்து எடுங்கள். வார் போடாமல் தலையைக் குனிந்து ஆட்டினால் ஹெல்மெட் நகரக்கூடாது. நகர்ந்தால் ஹெல்மெட்டின் பின்னால் உள்ள சிறு திருகுசக்கரத்தைத் திருகி இறுக்குவது தற்காலிக வைத்தியம், ஓடு ஒரு அளவு பெரிது என்று பொருள். சைக்கிள் வகையில் இரண்டு பக்க வார்களும் காது மடலுக்குச் சற்றுக் கீழே சேர வேண்டும். தாடை வாருக்கும் தோலுக்கும் இடையே இரண்டு விரல் நுழையலாம், மூன்றாவது நுழையக்கூடாது. பிறகு பின்விளிம்பைப் பிடித்து முன்னால் உருட்டிப் பாருங்கள். கண்ணை மறைக்கும் அளவுக்கு உருண்டால், எந்தத் தரச் சீட்டு இருந்தாலும் அது உங்கள் ஹெல்மெட் இல்லை. கொண்டை, தடித்த தொப்பி இரண்டும் இந்தச் சோதனையைப் பொய்யாக்கும்.

எம்ஐபிஎஸ் போன்ற உள்வழுக்கு அடுக்கு, சாய்வாக விழும்போது ஓட்டுக்கும் தலைக்கும் இடையே 10 முதல் 15 மி.மீ. நகர இடம் தந்து திருகலைக் குறைக்கும். இருந்தால் நல்லது, பொருந்தாத ஹெல்மெட்டை அதற்காக வாங்க வேண்டியதில்லை.

பெட்ரோல் என்ற எதிரி

எஞ்சின் சைக்கிள்காரர்கள் ஹெல்மெட்டை டாங்க் மேல் கவிழ்த்து வைப்பது வழக்கம். பெட்ரோல் தெர்மாகோலைக் கரைக்கும்; பாலிகார்பனேட் ஓட்டில் கண்ணுக்கே தெரியாத மயிரிழை விரிசல்களை உண்டாக்கும். வெளியே பளபளப்பு அப்படியே இருக்கும். தின்னர், ஸ்பிரே பெயின்ட், கிரீஸ் நீக்கும் திரவம் எல்லாம் அதே வேலையைச் செய்யும். வெதுவெதுப்பான நீரும் மென்மையான சோப்பும் போதும்.

பலமான அடி ஒன்று வாங்கினால் ஹெல்மெட்டின் வேலை முடிந்தது; தெர்மாகோல் ஒருமுறை நசுங்கினால் மீளாது, விரிசல் உறைத்துணிக்கு உள்ளே ஒளிந்திருக்கும். குப்பையில் போடும் முன் வாரை வெட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் வேறொருவர் எடுத்து மாட்டிக்கொள்வார்.