கடல்மீன் தொட்டியில் கிளாத்தி: நைஜரா, பிக்காசோவா, கிளவுனா?

குமரி மாவட்டத்து முட்டத்திலோ குளச்சலிலோ விசைப்படகு மீன் இறக்கும்போது கறுநீலமாகக் குவிந்து கிடக்கும் கிளாத்தியைப் பார்த்தவர்களுக்கு, அதையே காசு கொடுத்து வாங்கிக் கண்ணாடித் தொட்டியில் விடுகிறேன் என்றால் சிரிப்புதான் வரும். "தோலுரிச்சுக் கறி வைக்கிற மீனுக்கு இவ்வளவு செலவாலே?" என்று என் மாமா இன்றும் கேட்கிறார். என்ன செய்ய, ஒரு தடவை அது நீந்துவதைப் பார்த்துவிட்டால் விட முடியாது. மற்ற மீன்கள் வாலை அடித்துப் போகும், இது முதுகுத் துடுப்பையும் அடித் துடுப்பையும் மட்டும் அலையலையாக அசைத்து முன்னாலும் போகும், பின்னாலும் வரும், கண் இரண்டையும் தனித்தனியாக உருட்டி நம்மைப் பார்க்கும்.

கிளாத்திக்கு மீன் கடையில் ஆங்கிலப் பெயர் டிரிக்கர். அப்படிக் கேட்டால் நம் பக்கம் பெரும்பாலும் காட்டுவது நைஜர், பிக்காசோ, கிளவுன், அண்டுலேட்டட் ஆகிய நான்கைத்தான். புளூத்ரோட் எப்போதாவது வரும். நான் எடுத்தது நைஜர். ஆறடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம் உள்ள தொட்டியில், கணக்குப்படி 680 லிட்டர், ஒரு பவுடர் புளூ டேங், ஒரு கொரான் ஏஞ்சல், ஒரு மூன் ராஸ் ஆகிய மீன்களோடு இருக்கிறது. இன்னொரு தொட்டி வைத்தாலும் நைஜரைத்தான் எடுப்பேன், அதனால் இது நடுநிலையான அலசல் என்று நினைத்துப் படிக்க வேண்டாம்.

எல்லோரும் சொல்வதை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். எந்த டிரிக்கர் ஆனாலும் பெரும்பாலும் இறால், நண்டு, நத்தை எல்லாம் அதற்குத் தீனிதான். சிங்கமீனின் நீண்ட துடுப்பைக் கடித்துக் குதறும், விரலளவு டாம்சல் மீன்கள் நாளாவட்டத்தில் காணாமல் போகும். தொட்டியில் கடைசியாகத்தான் விட வேண்டும், அதுவும் மற்றவற்றைவிடச் சின்னதாக. நிறையத் தின்று நிறையக் கழிக்கும் மீன் என்பதால் கழிவை நுரையாக்கிப் பிரிக்கும் ஸ்கிம்மர் பெரிதாக வேண்டும். வயரைக் கடிக்கும், ஆகவே பம்பு, ஹீட்டர் எல்லாம் சம்ப்பில், அதாவது தொட்டியோடு இணைந்த துணைத்தொட்டியில், இருக்கட்டும். கடல் தண்ணீர் நமக்குப் பக்கத்தில் கிடைக்கிறது என்று மழைக்காலத்தில் மணக்குடியிலோ தேங்காப்பட்டணத்திலோ பிடித்துவராதீர்கள், பழையாற்றுத் தண்ணீரும் குழித்துறை ஆற்றுத் தண்ணீரும் கலந்து உப்பு குறைந்திருக்கும். உப்பின் அளவு காட்டும் மீட்டரில் 1.025 பார்த்துவிட்டு ஊற்றுங்கள்.

சரி, எது எந்தக் குணம் என்பதற்கு வாயைப் பார்த்தாலே பாதி தெரியும். நைஜரின் கீழ்த்தாடை கொஞ்சம் முன்தள்ளி வாய் மேல்நோக்கி இருக்கும். கடலில் அது பாறைக்கு மேலே கூட்டமாக நின்று, நீரோட்டத்தில் வரும் மிதவை உயிரிகளைக் கொத்தித் தின்பது. பிக்காசோ அப்படி இல்லை, அதன் பிழைப்பே தரையில்தான். வாயால் தண்ணீரைப் பீய்ச்சி மணலைக் கிளறும், கல்லைப் புரட்டும், மறைந்திருக்கும் நண்டை உடைத்துத் தின்னும். அண்டுலேட்டட்டும் கிளவுனும் இதே உடைக்கிற சாதி. நடுத்தண்ணீரில் மேயும் மீனுக்கு, அடியில் படுத்திருக்கும் மீனோடு சண்டை போடப் பெரிய காரணம் ஒன்றும் இல்லை. பிக்காசோவுக்கோ தரை முழுக்க அதன் எல்லை, தொட்டி கழுவக் கைவிட்டால் கையையும் விரட்டி வந்து கடிக்கும்.

இதெல்லாம் கிடக்கட்டும். வாங்கும்போது யாரும் கேட்காத கேள்வி ஒன்று உண்டு: பின்னால் இதை வெளியே எடுக்க முடியுமா? என்னைக் கேட்டால் நிறம், விலை, குணம் எல்லாவற்றையும்விட முடிவு செய்ய வேண்டியது இதை வைத்துத்தான்.

டிரிக்கர் மீன் பயந்தால் பாறைப் பொந்துக்குள் புகுந்து முதுகின் முதல் முள்ளை நிமிர்த்தும். இரண்டாவது முள் அதற்குப் பின்னால் முட்டுக்கொடுத்துப் பூட்டிவிடும். முன்முள்ளை எவ்வளவு அழுத்தினாலும் மடங்காது, இரண்டாவது சின்ன முள்ளை அழுத்தினால்தான் பூட்டு திறக்கும். சுறா வந்தாலும் இழுக்க முடியாதபடி அமைந்த ஏற்பாடு, நம் கைவலைக்கா மசியப்போகிறது? வலை போட்டாலோ அந்த முள் கண்ணியில் சிக்கும், எடுப்பதற்குள் மீனும் காயப்படும், விரலும் காயப்படும். கடைசியில் பாறையை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து, தண்ணீரைக் கலக்கி, மற்ற மீன்களையும் அரண்டுபோகச் செய்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போகும்.

எடுக்க வேண்டிய தேவை எங்கே வருகிறது என்கிறீர்களா? முதலாவது, வெண்புள்ளி நோய். என் தொட்டியில் இருக்கும் பவுடர் புளூ டேங் அதற்குப் பேர்போன மீன். நோய் வந்தால் செம்பு மருந்தைப் பாறையும் மணலும் உள்ள தொட்டியில் ஊற்றிப் பயனில்லை, அவை மருந்தை உறிஞ்சிக்கொள்ளும். எல்லா மீனையும் வெறும் தொட்டிக்கு மாற்றி வைத்தியம் பார்த்து, பெரிய தொட்டியை வாரக்கணக்கில் மீனே இல்லாமல் விட வேண்டும். ஒரு மீன் உள்ளே தங்கினாலும் கிருமியும் தங்கும். இரண்டாவது, கரண்ட். 2017 நவம்பர் 30 அன்று ஓகி புயல் அடித்தபின் நம் மாவட்டத்தில் பல இடங்களில் நாட்கணக்கில் மின்சாரம் இல்லாமல் கிடந்தது. அப்படி ஒரு நிலையில் மீன்களை பக்கெட்டுகளில் பிரித்துப் போட்டு பேட்டரி ஏர் பம்பில் காப்பாற்றலாம், ஆனால் முதலில் மீன் கையில் வர வேண்டும். மூன்றாவது, குணம் மாறுவது. அதற்குக் கிளவுனைத்தான் சொல்ல வேண்டும்.

கிளவுன் டிரிக்கரின் அழகைப் பற்றி வாதமே இல்லை. கறுப்பு வயிற்றில் பெரிய வெள்ளைப் பொட்டுகளும் மஞ்சள் வாயுமாக, குட்டியில் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். குட்டியில் சாதுவாகவும் இருக்கும். வளர வளர, அரை மீட்டர் வரை வளரக்கூடியது, ஒருநாள் கூட இருந்த மீன்களைக் கொல்ல ஆரம்பிக்கும். இப்படி ஆகாத கிளவுனும் உண்டு என்று வளர்ப்பவர்கள் சொல்கிறார்கள், இருக்கலாம். ஆனால் அதை நம்பி எத்தனை வருஷம் பக்கத்தில் ஏஞ்சலை வைத்திருப்பீர்கள்? குட்டியை நல்ல விலைக்கு விற்ற கடைக்காரர் வளர்ந்ததைத் திருப்பி எடுக்கச் சொன்னால் வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிடுவார். அவ்வளவு பெரிய மீனை விட அவரிடம் தொட்டி ஏது? அண்டுலேட்டட்டும் இதே கதை, அதற்கு வளர வேண்டும் என்றுகூட இல்லை. மலிவாகக் கிடைக்கிறது என்று அதை வாங்கினால் தனித்தொட்டியில் வைத்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

நைஜரும் பெரிதாகும், கடலில் அரை மீட்டர் வரை போகும், முள்ளும் அதே முள்தான். ஆனால் மேலே நீந்துகிற மீன் என்பதால் அதற்குப் பாறைக் குவியல் தேவையில்லை, இரவில் படுக்க ஒரு பொந்து போதும். அந்தப் பொந்தை நாமே கொடுக்கலாம். நான் போட்டிருப்பது அது நுழையும் அளவுள்ள பிவிசி குழாய்த் துண்டு, ஒரு முனையில் பிளாஸ்டிக் வலை ஒட்டியது. பாறைகளில் அதன் உடம்பு நுழைகிற சந்து ஒன்றும் விடவில்லை. விளக்கு அணைந்ததும் தலையை உள்ளே விட்டுப் படுத்துக்கொள்ளும், வாலின் இரண்டு நீண்ட முனைகளும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். எடுக்க வேண்டுமென்றால் டார்ச் அடிக்காமல், வாலை மெல்ல உள்ளே தள்ளி டப்பா மூடியால் குழாயின் வாயை அடைத்து, குழாயோடு தூக்கித் தண்ணீர் உள்ள பக்கெட்டில் வைக்க வேண்டியதுதான். உள்ளே முள்ளைப் பூட்டிக்கொண்டு உறுமும், காதில் விழும். இழுக்காதீர்கள். விட்டுவிட்டால் கொஞ்ச நேரத்தில் தானே வெளியே வரும். குழாய் வைத்தியம் பிக்காசோவுக்கும் ஓரளவு பலிக்கும், ஆனால் அது கல்லைப் புரட்டி, மணலைத் தோண்டி, நாம் விடாத இடுக்கையும் உண்டாக்கிக்கொள்ளும்.

பிக்காசோவுக்கு நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். ஆளை அடையாளம் கண்டு வருவதில் நைஜர் அதற்குப் பக்கத்தில்கூட வராது. புதிதாக விட்ட நைஜர் பல நாள் ஒளிந்தே கிடக்கும், உங்களுக்கு அலுத்துப்போகும். பிக்காசோ சீக்கிரமே கண்ணாடிக்கு வந்து சோறு கேட்கும். பெரிய, முரட்டு மீன்களோடு மட்டும் வளர்ப்பவர், பாறை குறைவாக வைப்பவர் என்றால் அதை எடுப்பதில் தவறில்லை.

புளூத்ரோட்டை நான் வளர்த்ததில்லை, நண்பர் ஒருவர் வீட்டில் பார்த்ததோடு சரி. நைஜரைப் போலவே மிதவை தின்னும் சாதி, அதைவிடச் சின்னது, ஆணும் பெண்ணுமாகச் சேர்த்து வைக்கலாம். அவர் தொட்டியில் இறால்களும் கூடவே இருந்தன. சின்னத் தொட்டிக்காரர்களுக்கு நைஜரைவிட அதுவே பொருந்தும் என்று தோன்றுகிறது. விலை ஏறத்தாழ எப்போதும் அதிகம்.

தீனி விஷயத்தில் நம் மாவட்டத்துக்காரர்களுக்கு யோகம்தான். டிரிக்கரின் பல் வளர்ந்துகொண்டே இருக்கும், தேய்வதற்குக் கடினமாக எதாவது கடிக்க வேண்டும். கடியப்பட்டணம், குளச்சல் பக்கம் பாறையில் முங்கி எடுக்கிற சிப்பியை ஓட்டோடு போட்டால் போதும், பாக்கி நாளில் தோடு உரிக்காத இறால், கணவாய்த் துண்டு. சின்னமுட்டத்தில் விசைப்படகுக்கு மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, குளச்சல், முட்டம் பக்கம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. ஒரு பக்கம் மூடினால் மறுபக்கம் கிடைக்கும். ஜூன் முதல் இரண்டு வாரம் மட்டும் இரண்டு பக்கமும் விசைப்படகு போகாது, வள்ளக்காரர்களிடம் கிடைப்பதுதான். மே கடைசியிலேயே கொஞ்சம் வாங்கிச் சின்னச் சின்னப் பொட்டலமாகக் கட்டி ஃப்ரீசரில் போட்டுவிடுங்கள், வீட்டுக் கறிமீனோடு கலந்துவிடாமல் தனி டப்பாவில்.