சிறுமலை அடிவார மானாவாரி நிலத்துக்கு மரக்கன்று எங்கே வாங்கலாம்?

திண்டுக்கல்லிலிருந்து நத்தம் போகும் சாலையில், சாலையை விட்டு உள்ளே தள்ளி ஒரு சின்ன நாற்றுப் பண்ணை இருக்கிறது. பெரிய போர்டு எதுவும் கிடையாது. இருக்கிற கன்று சுற்றுவட்டார ஊர்களுக்கே போதவில்லை, பெயரையெல்லாம் நெட்டில் போட வேண்டாம் என்று உரிமையாளர் கேட்டுக்கொண்டதால் பெயரை விட்டுவிடுகிறேன். ஆனாலும் அங்கே பார்த்ததை எழுதியே ஆக வேண்டும், ஏனென்றால் ஆழமில்லாத சரளை மண்ணும் தண்ணீரில்லாத நிலமுமாக மலையடிவாரத்தில் இடம் வாங்கிவிட்டு, எந்த மரம் வைப்பது என்று தெரியாமல் காசைக் கொட்டுகிறவர்கள் இப்போது நிறையப் பேர்.

போனதும் என்ன கன்று வேண்டும் என்று அவர் கேட்கவில்லை. "தம்பி, நிலம் எந்தப் பக்கம் சரியுது? மழைத் தண்ணி எங்க ஓடுது? எத்தனை அடி தோண்டினா பாறை தட்டுது? போர்ல வெயில் காலத்துல தண்ணி நிக்குமா?" இதற்கெல்லாம் பதில் வாங்கிக்கொண்டுதான் பேச்சையே ஆரம்பித்தார். பக்கத்துக் கரட்டில் தானாக முளைத்து நிற்கிற மரங்கள் என்னென்ன என்றும் கேட்டார். உசிலையும் வெள்வேலும் குடைவேலும் நிற்கின்றன என்றேன். "அப்ப மண்ணு அதுதான் கேக்குது" என்றார். உண்மைதான், அடிவார நிலத்துக்கு இதைவிட நம்பகமான மண் பரிசோதனை எனக்குத் தெரியாது.

நான் எழுதிக் கொண்டுபோன பட்டியலில் மலைவேம்பும் மகோகனியும் இருந்தன. இரண்டையும் விற்க மறுத்துவிட்டார், அதுவும் பண்ணையில் கன்று கையிருப்பில் இருக்கும்போதே. மலைவேம்பு சீக்கிரம் பருக்கும் என்று எல்லோரும் சொல்கிறார்கள், அது ஆழமான மண்ணும் பாசனமும் இருந்தால்தான். சரளையில் வைத்தால் குச்சியாகவே நிற்கும். அதற்குப் பதிலாக அவர் எடுத்துக் கொடுத்தது வேம்பு, புங்கன், உசிலை, வாகை, கருங்காலி, கொஞ்சம் வேங்கை. மண் ஓரளவு ஆழமாக இருக்கிற கீழ்க்கோடியில் இலுப்பையும் நாவலும். பழத்துக்கு நெல்லி, சீத்தா, விளா, கொடுக்காப்புளி. புளி வைத்தால் மரத்துக்கு மரம் முப்பது அடியாவது விட வேண்டும் என்று இரண்டு தடவை சொன்னார். வேலிக்குக் கன்றே வாங்காதே, கிளுவை மரத்துக் கிளையைப் போத்தாக வெட்டி நட்டால் போதும் என்று சொல்லி, எங்கே வெட்டலாம் என்பதையும் காட்டினார். இப்படி வியாபாரத்தை விட்டுக்கொடுத்துப் பேசும் கடைக்காரரை நான் அதிகம் பார்த்ததில்லை.

கன்றின் தரத்துக்கு வருகிறேன். நெடுஞ்சாலை ஓரத்தில் இருக்கிற பெரிய நர்சரி ஒன்றிலும் முன்னால் விலை விசாரித்திருந்தேன். அங்கே ஆள் உயரக் கன்றுகள், பார்க்க அவ்வளவு செழிப்பு. ஆனால் ஒரு பையைக் கிழித்துக் காட்டச் சொன்னால் வேர் பையின் அடியில் வட்டம் வட்டமாகச் சுருண்டு, மண்ணே தெரியாமல் பின்னிக் கிடந்தது. அப்படிச் சுருண்ட வேர் சரளைக்குள் இறங்காது. முதல் மழைக்குத் துளிர்த்துவிட்டு பங்குனி, சித்திரை வெயிலில் கருகிப் போகும், தப்பித்தாலும் ஆடிக் காற்றுக்கு நிற்காது. இங்கே கன்றுகள் ஒன்றரை அடி, இரண்டு அடிதான். பையைக் கிழித்தால் ஆணிவேர் நேராக இறங்கியிருக்கிறது, சல்லிவேர் வெள்ளையாக இருக்கிறது. நட வேண்டிய மாதம் நெருங்கும்போது தண்ணீரைக் குறைத்து, நிழல்வலையை எடுத்துவிட்டு, கன்றை வெயிலுக்குப் பழக்குகிறார்கள். சந்தனப் பைகளைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தேன்: ஒவ்வொரு பையிலும் சந்தனத்தோடு ஒரு பொன்னாங்கண்ணித் தண்டும் சேர்ந்து வளர்கிறது. சந்தனம் பக்கத்துச் செடியின் வேரிலிருந்து உறிஞ்சி வாழ்கிற மரம், துணைச்செடி இல்லாமல் விற்கிற கன்றை நம்பி வாங்கக் கூடாது. நட்ட பிறகு பக்கத்தில் துவரை போடு, அப்புறம் சவுக்கோ கொடுக்காப்புளியோ வை என்றும் சொல்லித்தான் அனுப்புகிறார்கள்.

நடவுக்கு ஆள் அனுப்பும் சேவையும் உண்டு. கூலி கொஞ்சம் அதிகம்தான், ஆனால் வேலை சுத்தம். சரிவுக்குக் குறுக்கே சம மட்டம் பார்த்துக் குழி, இரண்டடிக்கு இரண்டடி. மேல்மண்ணைத் தனியாக எடுத்து வைத்து, அதோடு மக்கிய தொழுவுரமும் கரையானுக்கு வேப்பம் புண்ணாக்கும் கலந்து முதலில் அதைத்தான் போடுகிறார்கள். குழியின் கீழ்ப்பக்கம் தோண்டிய கல்லையும் சரளையையும் வைத்துப் பிறை மாதிரி ஒரு வரப்பு, வாய் மேட்டைப் பார்த்து இருக்கும். மேலிருந்து ஓடிவரும் மழைத் தண்ணீர் அதில் தேங்கிக் கன்றுக்கே இறங்கும். இந்தப் பக்கம் வடகிழக்குப் பருவமழைதான் முக்கியம் என்பதால் ஐப்பசியில் ஈரம் நன்றாக இறங்கிய பிறகே நட வருகிறார்கள், அவசரப்படுத்தினாலும் வருவதில்லை. கடைசியாகக் காய்ந்த புல்லால் மூடாக்கு. சொட்டுநீர் இல்லாத இடத்தில் இந்தப் பிறை வரப்பும் மூடாக்கும்தான் கன்றுக்கு உயிர்.

குறை இல்லாமல் இல்லை. போன் எடுக்கவே மாட்டார்கள். பைகளில் பெயர்ச்சீட்டு கிடையாது, புதிதாகத் தோட்டம் போடுகிறவர்கள் திணறுவார்கள். மா, கொய்யா ஒட்டுக்கன்றுகளின் தரம் சுமார், அதை வேறு இடத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். காட்டுமாடும் வெள்ளாடும் வருகிற இடமாக இருந்தால் காப்பு வேலைக்கு நீங்களேதான் முள் வெட்டிக் கட்ட வேண்டும், அந்தச் சேவை இவர்களிடம் இல்லை. புங்கனை ஆடு அவ்வளவாகச் சீண்டாது என்பதால் வேலியோரத்துக்கு அதை அதிகம் எடுக்கலாம்.

இலவசமாகவே கிடைக்கும்போது எதற்குக் காசு கொடுக்க வேண்டும் என்று கேட்கலாம். வேளாண்மைத் துறையின் நீடித்த பசுமைப் போர்வை இயக்கத்தில் உழவன் செயலி வழியாகப் பதிவு செய்தால் தேக்கு, செம்மரம், வேங்கை, மகோகனி போன்ற கன்றுகள் கிடைக்கும். தடிமரம் மட்டும் போதும் என்றால் அதில் வாங்கலாம், செம்மரம் கல்லுப்பாங்கான இடத்திலும் வரும். ஆனால் உசிலை, விளா, கருங்காலி வேண்டும், கூடவே நிலத்தைப் பற்றிப் பேச ஒரு ஆளும் வேண்டும் என்றால் இந்தப் பண்ணைக்குத்தான் போக வேண்டும். சின்னக் கன்று இருபது ரூபாயிலிருந்து ஆரம்பம், சந்தனம் கூடுதல். புரட்டாசிக்குள் நேரில் போய் முன்பணம் கொடுத்துவிடுங்கள், மழை விழுந்த பிறகு போனால் நல்ல கன்றெல்லாம் போயிருக்கும்.