வேலியில் ஒரு தூதுவளைக் கொடி

சில வருடங்களாக எங்கள் வீட்டுப் பின்பக்க வேலியில் தூதுவளை படர்ந்திருக்கிறது. சளி பிடித்தால் மட்டும் தேடுகிற மூலிகையாகவே பலரும் இதை நினைக்கிறார்கள். எங்கள் வீட்டில் இது வாரம் தவறாமல் சமையலுக்குப் போகும் கீரை. அப்படி அடிக்கடி கிள்ளினால்தான் கொடியும் தளதளவென்று இருக்கும். கிள்ளாமல் விட்டால் தண்டு கட்டைதட்டி, இலை சிறுத்து, கசப்பு ஏறிவிடும்.

விதை போட்டும் வளர்க்கலாம். ஆனால் பென்சில் கனத்துக்குத் தண்டு வெட்டி ஐப்பசி மழைக்கு முன்னால் ஊன்றினால் சீக்கிரம் வேர் பிடிக்கும். அரை நிழல் போதும். தண்ணீர் மட்டும் தேங்கக் கூடாது. சிலர் கண்டங்கத்தரியோடு குழப்பிக்கொள்கிறார்கள், பூ இரண்டுக்கும் ஊதாதான். கண்டங்கத்தரி தரையோடு கிடக்கும், முள் நீண்டு நேராக நிற்கும், பழம் மஞ்சள். தூதுவளை பற்றி ஏறும், முள் பூனை நகம் போல வளைந்திருக்கும், பழம் சிவப்பு.

எல்லோரும் பயப்படுவது முள்ளுக்குத்தான். இலையின் அடிப்பக்கத்தைத் திருப்பினால் நடு நரம்பில் வரிசையாகத் தெரியும். கத்தரிக்கோலால் ஒவ்வொன்றாக நறுக்கிவிடலாம். கொழுந்து இலையில் முள் மெத்தென்றுதான் இருக்கும், நெய்யில் வதக்கி அரைத்தால் நாக்குக்குத் தெரியாது. வறுத்த உளுத்தம்பருப்பு, மிளகாய், புளி, கொஞ்சம் தேங்காய் சேர்த்து அரைத்த துவையல்தான் என்னைக் கேட்டால் முதலிடம். புளி அந்த லேசான கசப்பை அடக்கிவிடுகிறது. தோசை மாவில் அரைத்துக் கலந்தால் குழந்தைகளும் சாப்பிடுவார்கள். மிளகும் பூண்டும் தட்டிப்போட்ட ரசம் மழை நாளுக்கு. நிழலில் உலர்த்திய பொடியில் அந்தப் பச்சை வாசனை இல்லை, அதனால் எனக்குப் பிடிக்கவில்லை.

கத்தரிக் குடும்பம் என்பதால் கத்தரியைத் தின்னும் புள்ளி வண்டு இதற்கும் வரும். அதன் மஞ்சள் புழு இலையடியில் ஒட்டிக்கொண்டு பச்சையைச் சுரண்டித் தின்று, நரம்பை மட்டும் விட்டுவைக்கும். காலையில் பொறுக்கி சோப்புத் தண்ணீரில் போட்டுவிடுவேன். கோடையில் மாவுப்பூச்சி ஏறினால் அந்த நுனிகளை வெட்டியெறிந்து, வேப்பெண்ணெய்க் கரைசல் தெளிப்பேன். அப்புறம் ஒரு வாரம் இலை பறிக்க மாட்டேன்.

நடப்போகிறவர்கள் நடைபாதையை விட்டுத் தள்ளி நடுங்கள், சேலையையும் துண்டையும் பிடித்து இழுக்கும். சிறு பிள்ளைகள் ஓடியாடும் வீடென்றால் பின்வேலிதான் சரி.