கொரியா, மலேசியா: இரண்டு கார்களின் கதை

1970-ல் தனிநபர் வருமானத்தில் தென்கொரியாவை விட மலேசியா சற்று மேலே இருந்தது. ரப்பர், வெள்ளீயம், பாமாயில் என்று கையில் வளமும் இருந்தது. இன்று கொரியா உயர் வருமான நாடு. 2020-க்குள் வளர்ந்த நாடாவோம் என்று 1991-ல் பிரதமர் மகாதீர் அறிவித்த மலேசியா, உலக வங்கிப் பட்டியலில் இன்னும் உயர்நடுத்தர வருமானப் பிரிவில்தான்.

கார்களைப் பாருங்கள், வித்தியாசம் புரியும். இரு நாடுகளுமே தங்கள் சொந்தக் காரை ஜப்பானின் மிட்சுபிஷி உதவியோடுதான் தொடங்கின. கொரியாவின் ஹூண்டாய் 1975-ல் போனி என்ற காரை இறக்கி, 1986-ல் அமெரிக்கச் சந்தையில் நுழைந்து, 1991-ல் சொந்த எஞ்சினே செய்துவிட்டது. மலேசியாவின் புரோட்டான் 1985-ல் வந்தது. இறக்குமதி வரிச்சுவர் அதைக் காத்தது, ஆனால் வெளிச்சந்தைக்குத் துரத்தவில்லை. 2017-ல் 49.9 சதவீதப் பங்கு சீனாவின் கீலி கார் நிறுவனத்துக்குப் போனது.

சரி, சிப் துறை? மலேசியாவின் பினாங்குக்கு அமெரிக்காவின் இன்டெல் 1972-லேயே வந்துவிட்டது. வேலை பெருகியது, வறுமை வெகுவாகக் குறைந்தது. அது சாதாரண சாதனை அல்ல. ஆனால் பெரும்பகுதி வேலை பொருத்துவதும் சோதிப்பதும்தான், வடிவமைப்பு வெளிநாட்டில். சாம்சங் சொந்தமாக மெமரி சிப் செய்தது.

கொரியப் பாதை சுத்தமானதல்ல. ராணுவ ஆட்சியும் தொழிலாளர் ஒடுக்குமுறையும் அதில் உண்டு; அதை யாரும் பின்பற்றக் கூடாது. சலுகை வேண்டுமா, ஏற்றுமதி செய்து காட்டு என்ற கறாரைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். மலேசியாவில் இல்லாமல் போனது அதுதான் என்பேன்.