உப்புக் காற்றில் இரும்பு ஷெட்: பி.இ.பி.யா, கால்வனைஸ் செய்த ட்ரஸ்ஸா?

திருவொற்றியூர், எண்ணூர், காசிமேடு, கொருக்குப்பேட்டை பக்கம் குடோனோ பட்டறையோ கட்டப்போகிறவர் கையில் பெரும்பாலும் இரண்டு கொட்டேஷன் இருக்கும். ஒன்று, தொழிற்சாலையிலேயே வெட்டி, வெல்டு செய்து, பெயிண்ட் அடித்து, நட்டு போல்ட்டோடு வந்து இறங்கும் பி.இ.பி., அதாவது ப்ரீ-இன்ஜினியர்டு பில்டிங். இன்னொன்று, சாத்தாங்காடு இரும்புச் சந்தையில் ஆங்கிளும் சேனலும் குழாயும் எடுத்து உள்ளூர் ஃபேப்ரிகேட்டர் செய்து தரும் ட்ரஸ் (முக்கோணச் சட்டக் கூரை) ஷெட். இந்த இரண்டாவதை வெறும் பெயிண்ட்டோடு விடாமல், துண்டு துண்டாகச் செய்து, ஹாட் டிப் கால்வனைசிங் (உருகிய துத்தநாகத்தில் முக்கிப் பூச்சு ஏற்றுவது) கொடுத்து, தளத்தில் போல்ட் மட்டும் போட்டுப் பூட்டும் வழியைத்தான் நாங்கள் தேர்ந்தெடுத்தோம். அதனால் இந்த அலசல் அந்தப் பக்கம் சாய்ந்தே இருக்கும். கணக்கைத் திறந்து வைக்கிறோம்; உங்கள் இடத்து எண்களைப் போட்டுப் பாருங்கள்.

தெரிந்த விஷயங்களை முதலில் முடித்துவிடலாம். பி.இ.பி. எடை குறைவு, வேலை வேகம், நடுவில் தூண் இல்லாமல் 30 மீட்டர் அகலம்கூடச் சாத்தியம். ட்ரஸ் ஷெட்டில் இரும்பு கூடுதல், நாளும் கூடுதல். ஆனால் எந்தத் துண்டு கெட்டாலும் பக்கத்துத் தெருவிலேயே செய்து மாட்டலாம். இதில் சண்டை எதுவும் இல்லை.

சதுர அடி விலைக்கு வெளியே

15 மீட்டர் அகலம், 30 மீட்டர் நீளம், 6 மீட்டர் உயரம் என்று ஒரு ஷெட்டை எடுத்துக்கொள்வோம். தரைப்பரப்பு 450 சதுர மீட்டர், ஏறக்குறைய 4,850 சதுர அடி. எந்தக் கொட்டேஷனாக இருந்தாலும் அதில் வராத செலவுகள் ஒன்றேதான். பட்ஜெட் கிழிவதும் இங்கேதான்.

முதலில் மண். மணலி, மாதவரம் பக்கம் மேலே கொட்டிய மண், அதற்குக் கீழே ஈரத்தில் உப்பிக் காய்ந்தால் சுருங்கும் களி. கடலோரத்தில் தளர்ந்த மணல், கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர். இரண்டு இடத்திலாவது துளை போட்டு மண் பரிசோதனை செய்யாமல் அஸ்திவாரத்துக்கு ஒரு தொகை எழுதுவது வெறும் ஊகம். சாதாரண பீடம் போதுமா, பைல் (ஆழமாக இறக்கும் அஸ்திவாரத் தூண்) வேண்டுமா என்பதில் மட்டுமே அந்தத் தொகை இரட்டிப்பாகலாம். அந்தத் தண்ணீரில் குளோரைடும் சல்ஃபேட்டும் எவ்வளவு என்று அதே பரிசோதனையில் கேட்டு வாங்குங்கள். சிமென்ட் வகையையும் கம்பிக்கு மேல் விடும் கவரையும் அதுதான் தீர்மானிக்கும்.

அடுத்தது தரைமட்டம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் வட சென்னையில் தண்ணீர் எங்கே நின்றது என்று அக்கம்பக்கத்தில் கேட்டு, அதற்கு மேல் மட்டம் வையுங்கள். 450 சதுர மீட்டரை 90 சென்டிமீட்டர் உயர்த்த, அடித்து இறுக்கிய கணக்கில் 405 கன மீட்டர். லூசாக வாங்கும்போது 500 வரை போகும். யூனிட்டில் (100 கன அடி) சொன்னால் 175க்கு மேல். அதன் மேல் 15 சென்டிமீட்டர் கான்கிரீட் தளம் 67.5 கன மீட்டர். 6 கன மீட்டர் மிக்சர் லாரியில் 12 நடை.

இதோடு ஆங்கர் போல்ட் (தூணை அஸ்திவாரத்தோடு பிணைப்பது), சுற்றுச் செங்கல் சுவர், ஷட்டர், மழைநீர்த் தொட்டிக்கால் (கூரை ஓரக் கால்வாய்), இறங்கு குழாய், மின்வேலை, இடிதாங்கி, கிரேன் வாடகை, இறக்குக் கூலி. கிரேன் ஷிப்ட் கணக்கில் வரும். எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் நம் லாரி மாட்டிக்கொண்டால், கிரேன் சும்மா நிற்கும் நேரத்துக்கும் பணம் கொடுத்தாக வேண்டும். சாமான் முந்தின நாளே தளத்தில் இறங்கியிருக்கும்படி பார்ப்பது நல்லது. அனுமதிப் பக்கம் சி.எம்.டி.ஏ. அல்லது மாநகராட்சி, தொழிற்சாலை என்றால் தொழிலகப் பாதுகாப்பு இயக்ககம், மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், கட்டுமான மதிப்பில் 1 சதவீதம் தொழிலாளர் நல வரி. கடலோ கழிமுகமோ பக்கத்தில் இருந்தால் கடலோர ஒழுங்குமுறை மண்டலத்தில் இடம் வருகிறதா என்று நிலம் வாங்கும்போதே பார்த்துவிட வேண்டும்.

18 சதவீத ஜி.எஸ்.டி.யைப் பலரும் "பிறகு உள்ளீட்டு வரியாக எடுத்துக்கொள்ளலாம்" என்று கணக்கிலிருந்து தள்ளிவிடுகிறார்கள். சொந்த உபயோகத்துக்குக் கட்டும் அசையாச் சொத்துக்குச் சட்டத்தின் 17(5) பிரிவு அதைத் தடுக்கிறது. இயந்திரத்துக்கான அஸ்திவாரமும் தாங்கு அமைப்பும் அந்தத் தடைக்குள் வராது. அவற்றுக்குத் தனி பில் வாங்கி, முன்னதாகவே ஆடிட்டரிடம் காட்டுங்கள். மற்ற 18 சதவீதம் முழுச் செலவு என்றே எழுதுங்கள்.

தீர்ப்பைச் சொல்லும் ஒரே விஷயம்: துரு

இதுவரை சொன்னது இரண்டுக்கும் பொது. வட சென்னைக் கடலோரத்தில் இரண்டையும் பிரிப்பது பராமரிப்புதான்.

அரிப்பின் வேகத்தை ஐ.எஸ்.ஓ. 9223 தரநிலை வகை பிரித்திருக்கிறது. அரிப்பு அதிகமான சி4 வகையில் துத்தநாகம் ஆண்டுக்கு 2.1 முதல் 4.2 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கரையும். அதைவிடக் கடுமையான சி5 வகையில் 4.2 முதல் 8.4. பூச்சில்லாத இரும்பு என்றால் சி4-ல் 50 முதல் 80 மைக்ரான், சி5-ல் 80 முதல் 200. கடலிலிருந்து ஒன்றிரண்டு கிலோமீட்டருக்குள் சி4-க்குக் குறைவாக வைத்துக் கணக்குப் போடுவது ஆபத்து. அலைச்சாரல் எட்டும் இடத்தை சி5 என்றே எடுத்துக்கொள்ள வேண்டும்.

இப்போது பி.இ.பி.யின் பர்லினை, அதாவது கூரை ஷீட்டைத் தாங்கும் குறுக்குச் சட்டத்தை, பாருங்கள். பெரும்பாலும் 2 மில்லிமீட்டர் தகட்டை வளைத்த இசட் வடிவம், 275 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 275 கிராம்) துத்தநாகப் பூச்சு. "பர்லின் கால்வனைஸ்டுதானே சார்" என்று விற்பவர் சொல்வது உண்மை. ஆனால் 275 கிராம் என்பது இரண்டு முகமும் சேர்த்த எடை. ஒரு முகத்துக்கு 20 மைக்ரானைக்கூடத் தொடாது. சி4 வேகத்தில் அது 5 முதல் 9 ஆண்டு. சி5-ல் இரண்டரை முதல் 5 ஆண்டுக்குள் தீர்ந்துவிடும். பூச்சு போட்ட பிறகே வெட்டுவதால் முனையும் துளை ஓரமும் திறந்த இரும்பு. அதற்குக் கீழே இருப்பது வெறும் 2 மில்லிமீட்டர்.

செய்து முடித்த துண்டை முழுதாகத் துத்தநாகத்தில் முக்கினால் நிலைமையே வேறு. ஐ.எஸ். 4759 படி, 5 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் உள்ள இரும்புக்கு ஒரு முகத்தில் சதுர மீட்டருக்கு 610 கிராம், ஏறத்தாழ 85 மைக்ரான். 2 முதல் 5 மில்லிமீட்டருக்குள் 460 கிராம், 64 மைக்ரான். துளையின் உள்பக்கம், வெட்டு முனை, குழாயின் உட்புறம் எல்லாம் பூச்சுக்குள். 64 மைக்ரான் என்று குறைத்து எடுத்தாலும் சி4-ல் 15 முதல் 30 ஆண்டு.

ஷெட்டுக்குள் மழை படாததால் துரு குறையும் என்று நம்புகிறவர்கள் உண்டு. கடலோரத்தில் நடப்பது நேர்மாறு. வெளிச்சுவரில் படியும் உப்பை மழை கழுவிவிடுகிறது. கூரைக்கு அடியில் பர்லினின் மேல் மடிப்பில் தூசியோடு சேர்ந்து உட்காரும் உப்பை எதுவும் கழுவுவதில்லை; இரவு ஈரத்தை இழுத்துக்கொண்டு தின்றபடியே இருக்கும். முதலில் சிவப்பது அந்த மடிப்பு, இரண்டு பர்லின் ஒன்றன்மேல் ஒன்று சேரும் லேப், தொட்டிக்காலின் அடி, தண்ணீர் தேங்கும் பேஸ் பிளேட் (தூணின் அடித்தகடு). வாடகைக்கோ வாங்கவோ பழைய ஷெட் பார்க்கப் போகிறவர்கள் ஏணி போட்டு ஏறியும் கீழே குனிந்தும் பார்க்க வேண்டியதும் இந்த நான்கு இடங்களைத்தான்.

மறு பெயிண்ட் செலவு டன்னில் இல்லை, பரப்பில் இருக்கிறது. இரண்டு முகமும் திறந்த தகட்டின் பரப்பு, டன்னுக்கு 255-ஐ மில்லிமீட்டர் தடிமனால் வகுத்தால் கிடைக்கும் சதுர மீட்டர். 6 மில்லிமீட்டருக்கு 42.5. 2 மில்லிமீட்டர் பர்லினுக்கு 127.5. நம் எடுத்துக்காட்டு ஷெட் பி.இ.பி.யில் 12 டன் என்று வைத்துக்கொள்வோம்: ஃபிரேம் 8 டன், பர்லின் 4 டன். ஃபிரேம் தகடு 6 மில்லிமீட்டர் என்று கொண்டால் 340 சதுர மீட்டர், பர்லின் 510. எடையில் மூன்றில் ஒரு பங்கு இருக்கும் பர்லின், பெயிண்ட் பரப்பில் பாதிக்கு மேல்!

கணக்குக்காகச் சாரம், துரு சுரண்டல், பிரைமர், பெயிண்ட் எல்லாம் சேர்த்துச் சதுர மீட்டருக்கு 300 ரூபாய் போட்டால், ஒரு தடவைக்கு 2.55 லட்சம். 20 ஆண்டில் மூன்று தடவை என்றால் 7.65 லட்சம். அதே ஷெட் ட்ரஸ்ஸில் 15 டன் என்று கொள்வோம். இரண்டுக்கும் கிலோ 100 ரூபாய், கால்வனைசிங் தனியாகக் கிலோ 13 என்று வைத்தால் ட்ரஸ் 16.95 லட்சம், பி.இ.பி. 12 லட்சம். தொடக்கத்தில் 4.95 லட்சம் அதிகம் கொடுத்து, பின்னால் வரும் 7.65 லட்சத்தைத் தவிர்க்கிறோம். ஒவ்வொரு தடவையும் சரக்கை மூடி வேலையை நிறுத்தும் நாட்கள் இதில் இல்லை. பர்லின் ஓட்டை விழுந்து மாற்றும்படி ஆனால் கூரை ஷீட்டைக் கழற்றிப் போட வேண்டும். அதுவும் இந்தக் கணக்கில் சேரவில்லை. நாங்கள் போட்டவை எடுத்துக்காட்டு விலைகள். வாரத்துக்கு வாரம் இரும்பு விலை ஆடும். பரப்பும் மைக்ரானும் ஆடாது.

பி.இ.பி. தரப்பு நியாயத்தையும் சொல்ல வேண்டும். வழக்கமாக வரும் ஒரு கோட் பிரைமருக்குப் பதிலாக, மணல் பிளாஸ்டிங் செய்து, துத்தநாகம் நிறைந்த எபாக்ஸி பிரைமர், அதன் மேல் எபாக்ஸி, கடைசியாகப் பாலியூரித்தேன் என 200 மைக்ரானுக்கு மேல் ஏற்றச் சொன்னால் ஃபிரேமின் ஆயுள் நன்றாகவே கூடும். பர்லினையும் துத்தநாகம்-அலுமினியம்-மெக்னீசியம் பூச்சில் கேட்கலாம். இவற்றையெல்லாம் எழுதி வாங்கினால் விலை வித்தியாசம் பெரும்பகுதி கரைந்துவிடும். அப்போது இரண்டும் ஏறக்குறைய சமம்.

கால்வனைசிங்கில் எங்கே தவறுகிறது

துத்தநாகக் குளியல் ஏறக்குறைய 450 டிகிரி. மெல்லிய வெப்பும் (நடுத்தகடு) தடித்த ஃபிளேஞ்சும் (ஓரத்தகடு) வெல்டு செய்த பி.இ.பி. ஃபிரேமை அதில் இறக்கினால் கோணிக்கொள்ளும். அதனால்தான் முழு பி.இ.பி.யை முக்குவது எளிதல்ல. ட்ரஸ்ஸுக்கும் நிபந்தனை உண்டு. இருபுறமும் மூடிய குழாயில் காற்றுத் துளை இல்லாவிட்டால் உள்ளே மாட்டிய ஈரம் ஆவியாகி வெடிக்கும். வரைபடத்திலேயே ஒவ்வொரு குழாய்க்கும் துளை இடமும் அளவும் குறித்து, கால்வனைசரிடம் ஒப்புதல் வாங்க வேண்டும்.

தொட்டியின் நீளத்தை முதலில் கேளுங்கள். 6, 7 மீட்டர் துண்டுகளாகப் பிரித்து வடிவமைத்தால் எந்தத் தொட்டியிலும் இறங்கும். தண்டையார்பேட்டைச் சந்துகளில் லாரியும் திரும்பும். கிளீட் (பர்லினைப் பூட்டும் துண்டு), பிராக்கெட், ஏணிக் கொக்கி எல்லாம் முக்குவதற்கு முன்பே வெல்டு ஆகியிருக்க வேண்டும். தளத்தில் ஒருவர் வெல்டிங் ராடை எடுத்தால் அந்த இடத்தில் பூச்சு எரிந்து போயிற்று; அதன் புகையும் உடம்புக்குக் கெடுதல். தவிர்க்கவே முடியாத இடத்தில் தேய்த்துச் சுத்தம் செய்து துத்தநாகம் நிறைந்த பெயிண்ட் இரண்டு கோட். ஆங்கர் போல்ட்டை டெம்ப்ளேட் வைத்து ஊன்றுங்கள். விலகிய போல்ட்டுக்காக பேஸ் பிளேட்டை கேஸ் கட்டர் வைத்து வெட்டினால், மிகவும் துருப்பிடிக்கும் இடத்திலேயே பூச்சு இல்லாமல் போகும். இணைப்பு போல்ட் 8.8 தரம், ஹாட் டிப் செய்ததாக இருக்கட்டும். 10.9 தரத்தை முக்கினால் ஹைட்ரஜன் புகுந்து திடீரென உடையும் அபாயம் உண்டு.

கடலைப் பார்த்த முதல் வரிசைக் கட்டடத்தில் கால்வனைசிங் மட்டும் போதாது. அதன் மேல் எட்ச் பிரைமரும் எபாக்ஸியும் தொடக்கத்திலேயே போட்டுவிடுங்கள்.

கொட்டேஷனைப் படிக்கும்போது

சதுர அடி விலையில் ஒப்பந்தம் போட்டால் தகடு மெலியும்; கிலோ விலையில் போட்டால் எடை ஏறும். எனவே வரைபட எடைக்குப் பணம், எடை மேடைச் சீட்டு சரிபார்ப்புக்கு மட்டும் என்று எழுதுங்கள். கால்வனைசிங்குக்குப் பிறகு எடை 3 முதல் 5 சதவீதம் கூடும். எந்த எடைக்கு எந்த விலை என்பதை முன்பே பிரித்துவிட வேண்டும்.

இரண்டு கொட்டேஷனும் ஒரே காற்றுக்கு வடிவமைத்தவையா? ஐ.எஸ். 875 மூன்றாம் பாகத்தில் சென்னைக்கு அடிப்படைக் காற்று வேகம் வினாடிக்கு 50 மீட்டர். வேறு ஊர்க் கட்டடத்தின் 44-ஐ வைத்துத் தந்தால் காற்றழுத்தம் 23 சதவீதம் குறைந்துவிடும். கிழக்குக் கடலோரத் தொழிற்கட்டடங்களுக்கு 2015 பதிப்பில் 1.15 என்ற புயல் காரணி உண்டு. அதை விட்டுவிட்டால், சேர்த்த கணக்கைவிட அழுத்தம் நான்கில் ஒரு பங்கு குறைவாக வரும். மலிவாகத் தெரியும் கொட்டேஷனின் ரகசியம் பல நேரம் இங்கேதான். 2016 வர்தா போன்ற காற்றில் முதலில் பிய்வது ஓரத்து ஷீட். கூரை விளிம்பிலும் மூலையிலும் ஸ்க்ரூ நெருக்கமாக இருக்கிறதா என்று பாருங்கள். ஷீட் 0.50 மில்லிமீட்டர் என்றால் அது பூச்சோடா, இரும்பு மட்டுமா என்பதையும் கேளுங்கள்.

இந்தத் தீர்ப்பு 20 மீட்டர் அகலத்துக்குள், உள்ளே மேல் தண்டவாளத்தில் கிரேன் ஓடாத ஷெட்டுக்கு. எங்கள் கை பழகியதும் அந்த அளவில்தான். அகலம் கூடக்கூட ட்ரஸ்ஸின் எடை எகிறும். செங்குன்றம், பாடியநல்லூர் போல் கடலைவிட்டு உள்ளே போய்விட்டால் துருவின் வேகமும் தணியும். அங்கே பெரிய குடோனுக்கு பி.இ.பி.யே பொருந்தும், பெயிண்ட்டை மட்டும் உயர்த்திக் கேளுங்கள்.

எதை எடுத்தாலும் கடைசி 10 சதவீதத்தை ஒரு வடகிழக்குப் பருவமழை முடியும்வரை பிடித்து வையுங்கள். ஒழுகல், தொட்டிக்கால் வாட்டம், ஸ்க்ரூ வாஷர் எல்லாம் நவம்பர் மழையில்தான் தெரியும். துளை போட்ட இரும்புத் துகளைக் கூரையிலிருந்து அன்றன்றே பெருக்கி எடுக்காவிட்டால், அது துருவேறி ஷீட்டைக் கறையாக்குவதும் அதற்குள் வெளிப்பட்டுவிடும்.